மோர் வேண்டாம், பானகம் இருக்கா?

பொங்கலுக்குப் பிறகு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கறி, மீன், முட்டை எங்கள் வீட்டில் எப்போதுமே கிடையாது. சைவத்திலிருந்து நனிசைவத்துக்கு வந்ததில் சென்னையில், என் அடுக்களையில், பெரிய கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. வெளியூர்ப் பயணம் மட்டும் பாக்கியிருந்தது. சித்தப்பா மகள் கல்யாணம் திருநெல்வேலியில் என்றதும் அதுவும் வந்துவிட்டது. கூட வந்தது என் அக்கா. பில்டர் காப்பி இல்லாமல் கண் திறக்காதவள். அன்றன்றைக்கு ராத்திரி போனில் தட்டி வைத்ததைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போடுகிறேன்.

மே 11, ஞாயிறு. மதுரை

திருவிழா நேரத்தில் மதுரை வழியாகப் போவது அக்காவின் யோசனை. கல்யாணம் வெள்ளிக்கிழமைதான். முன்னதாகவே கிளம்பி, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தெற்கே போகலாம் என்றாள். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் லாட்ஜ். மற்ற நாளில் 1,200 ரூபாய் வாங்குகிற அறைக்கு 2,500. ஏசி ஓடியதால் வாயைத் திறக்கவில்லை.

காலை டிபனில் இட்லி, நாலு சட்னி, பொடிக்கு நல்லெண்ணெய். மதுரையில் நான் பட்டினி கிடக்கப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. நெய்த்தோசை, வெண்ணெய் முறுக்கு மாதிரியானவை பெயரிலேயே எச்சரித்துவிடுகின்றன. பெயரில் சொல்லாதவைதான் தொல்லை. வெண்பொங்கலில் நெய் இருக்கும். ரவா தோசை மாவில் ஒரு கரண்டி மோர் விட்டிருப்பார்கள். ரசத்துக்கு எதில் தாளித்தார்கள் என்பது சமையல்காரருக்குத்தான் வெளிச்சம். பரிமாறுகிற தம்பியிடம், "வடையில தயிர் ஏதும் சேர்ப்பீங்களா?" என்று கேட்டேன். "இது தயிர்வடை இல்லக்கா, மெதுவடை" என்று பொறுமையாக விளக்கினார்.

அடுத்து, பால் இல்லாத காப்பி கேட்டேன்.

"சுகராக்கா?"

"இல்லப்பா. சீனி நல்லாப் போடு. பால் மட்டும் வேண்டாம்."

குழம்பிப்போய் உள்ளே போனார். காப்பி வந்தபோது அடுக்களை வாசலில் மாஸ்டரும் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அக்கா ஒன்று குடித்து, பெரிய டம்ளரில் இன்னொன்றும் வாங்கினாள். நான் பக்கத்திலேயே எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத் குடித்தேன், 20 ரூபாய். எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே அவள் பிசினை ஸ்பூனால் தோண்டித் தின்றாள்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த விருந்து ஒரு தள்ளுவண்டியில் இருந்தது. பருத்திப்பால். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு புதுமையும் இல்லை, சின்ன வயதிலிருந்து குடிக்கிறார்கள். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்துவிட்டுக் கொதிக்கவைத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, மேலே தேங்காய்த் துருவல். தொண்டை வழியாகச் சூடும் காரமும் மெல்ல இறங்கியது. டம்ளர் 20 ரூபாய். சென்னையில் பாதாம்பால் என்று ஓர் அட்டைப்பெட்டிக்கு 250 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி, காப்பியில் ஊற்றினால் திரிந்துபோவதைப் பார்த்து நொந்துகொண்டிருந்தேன். இங்கே சைக்கிள் சக்கரம் பூட்டிய வண்டியில் பித்தளைப் பானை நிறைய மாட்டுப்பால் சேராத பால் நிற்கிறது. இதே பருத்திக்கொட்டையைத்தான் பால் நன்றாகக் கறக்கட்டும் என்று மாட்டுக்கும் வைக்கிறோம். நடுவில் இருக்கிற மாட்டைத் தாண்டி நேராகவே குடித்துவிட்டால் என்ன என்று யாரோ என்றைக்கோ யோசித்திருக்கிறார்கள்.

"இன்னொண்ணு ஊத்தவாம்மா?" என்றார் வண்டிக்காரர். ஊற்றச் சொன்னேன்.

மே 12, திங்கள். மதுரை, வைகை

நடுராத்திரி தாண்டியதும் கிளம்பினோம். ஆழ்வார்புரம் பக்கம் போகிற எல்லாத் தெருவிலும் ஜனம். அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் ஓடுகிறது. குழந்தைகள் தோளில், வயசானவர்கள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, மொட்டை போட்டவர்கள் சந்தனம் பூசிக்கொண்டு. விடிவதற்கு முன்பே வேர்வையில் சேலை ஒட்டிவிட்டது.

அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வரப்போகிறார் என்பதுதான் கூட்டத்தில் எல்லோருடைய பேச்சும். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பார்கள். "பட்டைப் பத்தி நீ இப்ப ஒண்ணும் பேசக்கூடாது" என்று அக்கா காதில் சொன்னாள். நான் பேசவே இல்லை. பட்டு நூல் எடுக்கப் புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை வெந்நீரில் போடுகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்வதற்குப் பத்து லட்சம் பேர் நிற்கிற இடம் சரிப்படாது என்பது எனக்கும் தெரியும்.

அழகர் வேடம் கட்டியவர்கள் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டு போனார்கள். துருத்தி நீர். வெயிலில் காய்ந்து வருகிற சாமியைக் குளிர்விக்கிற வேண்டுதல். நனைந்தவர்களில் நானும் உண்டு. அந்த நேரத்தில் அது சுகமாகத்தான் இருந்தது.

தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்கியதை எக்கி எக்கிக் குடைக்கு நடுவில் ஒரு கணம் பார்த்தேன். அக்கா முழுசாகப் பார்த்தேன் என்கிறாள். நம்பவில்லை.

திரும்புகிற வழியில்தான் பந்தல்கள். இந்தத் திருவிழாவில் மதுரைக்காரர்கள் கொடுக்கிறதைப் பார்த்தால் யாரும் வீட்டில் எதையும் வைத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது. நீர்மோர், ரோஸ்மில்க், தயிர்சாதம், பிஸ்கட், சர்க்கரைப்பொங்கல். எல்லாவற்றிலும் பால். தண்ணீர் பாட்டில் காலி, வெயில் ஏறிவிட்டது. ஒரு பந்தலில் வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் டம்ளரை நீட்டினார். வேண்டாம் என்று கைகாட்டினேன். முகம் மாறிவிட்டது.

"அழகர் பேரால குடுக்கிற மோரு தாயி. வேண்டாம்னு சொல்லக்கூடாது."

"மோர் குடிக்கிறதில்லைய்யா. பானகம் இருக்கா?"

"பால் வகையே ஆகாதா?"

"ஆகாதுய்யா."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "செத்த நில்லு" என்று சொல்லிவிட்டு, தன் பந்தலை விட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பந்தலில் வரிசையில் நின்றவர்களை விலக்கி, ரெண்டு டம்ளர் பானகம் வாங்கிவந்தார். வெல்லம், எலுமிச்சை, சுக்கு. ஒரு டம்ளர் எனக்கு, இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணு பத்தாது" என்றார். ஏன் பால் குடிப்பதில்லை என்று கடைசிவரை கேட்கவில்லை. இந்தப் பயணத்தில் அப்படிக் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

கூட்டத்தில் அக்காவின் ஒரு செருப்பு போய்விட்டது. ரெக்சின் செருப்பு 150 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினோம். "உனக்குப் பிடிச்ச மாதிரி தோல் இல்லாத செருப்பு" என்று கடைக்காரர் எதிரிலேயே கிண்டல்.

மே 13, செவ்வாய். ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம்

பதினோரு நிலைக் கோபுரம், ஆண்டாள், மாலை. அதெல்லாம் எல்லோரும் எழுதியதுதான். கோவிலைச் சுற்றி ஒன்று விட்டு ஒன்று பால்கோவாக் கடை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு போர்டுகள் இன்னும் பெரிதாகிவிட்டன. பாலும் சீனியும் தவிர வேறொன்றும் கிடையாது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் வேலையே இல்லை என்பதற்கும் அதேதான் காரணம். அக்கா ஒரு கிலோ வாங்கினாள், 360 ரூபாய். வாசனை மட்டும் எனக்கு. பொய் சொல்லப்போவதில்லை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தார்கள், வாயில் எச்சில் ஊறியது.

ராத்திரி தங்கியது மம்சாபுரத்தில், அக்காவோடு காலேஜில் படித்த தோழி வீட்டில். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்த அம்மாவோடு பேச்சுக்கொடுத்தேன். மூன்று சீமை மாடு. அதில் ஒன்று சினை. சொசைட்டியில் லிட்டருக்கு 35 ரூபாய், அதோடு அரசு ஊக்கத்தொகை 3 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு விற்கிற விலையில் கையில் நிற்பது எவ்வளவு என்றும் சொன்னார். பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை.

தோழி அதற்குள் என் கதையைச் சொல்லிவிட்டாள்.

"பால் குடிக்கிறதே இல்லையாமே? எதுக்கும்மா, நேர்த்திக்கடனா?"

சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன். பொங்கலுக்கு மாமா ஊருக்குப் போயிருந்தபோது பசுவின் கன்று செத்திருந்தது. அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, குச்சியைக் காலாக வைத்துப் பசுவுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பசு அதை நக்கிக்கொடுத்துக்கொண்டே நின்றது. மாமா கறந்தார். அந்தப் பாலில்தான் அன்றைக்குப் பொங்கல். மாமா கெட்டவர் இல்லை, அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தார். எனக்குத்தான் அதற்கப்புறம் டம்ளரைக் கையில் எடுக்க முடியவில்லை.

அந்த அம்மா மடியைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "எங்க மாமியா காலத்துல அப்படித்தான் செய்வாக. இப்ப யாரு அந்த வேலை பாக்கா."

"காளைக்கன்னு போட்டா என்ன செய்வீங்க?"

"கொஞ்ச நாள் பாப்போம். அப்புறம் யாவாரி வருவாரு. வச்சு என்ன செய்ய? உழவுக்கு டிராக்டர் வந்திருச்சு. ஜல்லிக்கட்டுக்கு இந்தச் சீமைக்கன்னு ஆகாது."

"யாவாரி எங்க கொண்டுபோவாரு?"

"அதை நாங்க கேக்கிறதில்ல."

பால் நுரை தட்டி வாளியில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து அவரே கேட்டார். "நீங்க ஒருத்தர் விட்டா ஒண்ணுமில்ல. எல்லாரும் விட்டுட்டா எம் மக நர்சிங் பீசுக்கு நான் எங்க போக?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆடுமாடு சம்பந்தமாகப் படித்த எதிலும் அந்தப் பீசுக்கான வழி இருக்கவில்லை. உலகத்திலேயே அதிகம் பால் உற்பத்தி செய்கிற நாடு நம்முடையது என்று 1998இலிருந்து பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையில் மூன்று மாடு இந்தத் தொழுவத்தில் நிற்கிறது. போகும்போது வேலியோரம் இருந்த முருங்கையில் ஒரு கட்டுக் கீரை ஒடித்துக் கொடுத்தார். "இதுல பாலு இல்ல, பயப்படாதீங்க" என்றார். தோழி அதைத் தேங்காய் போட்டு வதக்கினாள்.

மே 14, புதன். சாத்தூர், கோவில்பட்டி

சிவகாசியில் மாறி ஏறிய பஸ் சாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. நிழல் என்றால் ஒரு வேலிக்கருவை. கண்டக்டர் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்ததும் நிற்கவில்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் ஒரு வேன்காரர் இடம் கொடுத்தார்.

பசி. பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பால் திடப்பொருள். பச்சைப் புள்ளி இருக்கிறது, ஆனால் அந்தப் புள்ளி பாலையும் நெய்யையும் சைவம் என்றுதான் கணக்கில் வைக்கிறது. 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நனிசைவப் பண்டங்களுக்கென்று இலை முளைத்த பச்சை 'V' எழுத்து முத்திரை ஒன்று கொண்டுவந்தது. பெட்டிக்கடைச் சரத்தில் தொங்குகிற எந்தப் பொட்டலத்திலும் அதை நான் இன்னும் பார்க்கவில்லை. பிஸ்கட்டை முன்சீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அதே நேரத்தில் கூடையோடு ஒரு பாட்டி வந்தார். வெள்ளரிப் பிஞ்சு, நாலாக வகுந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி 10 ரூபாய். ஓடுகிற பஸ்ஸை நம்புவதைவிட நின்றுபோகிற பஸ்ஸை நம்பி வியாபாரம் செய்கிறார் போல, ஐந்தே நிமிடத்தில் கூடை பாதி காலி. சாத்தூர் போனதும் காராச்சேவு கால் கிலோ. கடலை மாவு, மிளகாய், பூண்டு, எண்ணெய். கேட்க வேண்டிய கேள்வியே இல்லாத பண்டம்.

கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நிலக்கடலை, வெல்லம், கொஞ்சம் ஏலம், சுக்கு. ஒரு கடையின் பின்கட்டில் மிட்டாய் போடுவதைப் பார்க்க விட்டார்கள். பாகு பதம் வந்ததும் வறுத்து உடைத்த கடலையைக் கொட்டி, பலகையில் பரப்பி, கட்டை உருட்டி, சூடு ஆறுவதற்குள் வெட்டுகிறார்கள். வெட்டுகிறவர் அளவுகோல் எதுவும் வைத்திருக்கவில்லை. நேற்று பால்கோவாக் கடையில் கைகட்டி நின்றதற்கு இன்று பழிவாங்கினேன். ரெண்டு கிலோ வாங்கினேன்.

மே 15, வியாழன். திருநெல்வேலி

சொந்தக்காரர்கள்.

முதல் அரைமணியிலேயே எனக்கு என்ன நோய் என்று நாலுவிதமான தகவல் பரவிவிட்டது. பெரியம்மா தனியாக அழைத்துப்போய், "வயித்துல புண்ணாட்டி?" என்றாள். சித்தப்பா, "வடக்க எங்கயோ சாமியார்கிட்ட சேந்துட்டான்னு சொன்னாங்க" என்றார். அத்தான் ஒருவர் கால்சியத்தில் ஆரம்பித்தார். அவர் பல் டாக்டர், அதனால் விடமாட்டார். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதே அளவு பாலில் நூற்றிருபதுதான், எள்ளில் இன்னும் அதிகம் என்று சொல்லிப்பார்த்தேன். உண்மையில் அவர் கேட்டிருக்க வேண்டியது பி12. அது செடிகொடியிலிருந்து கிடைக்காது. நான் மாத்திரை போடுகிறேன், ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்கிறேன். இதை விட்டுவிட்டு நனிசைவம் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. அத்தான் கடைசிவரை பி12 பற்றிக் கேட்கவில்லை.

ராத்திரி ரிசப்ஷன். வடக்கத்தியச் சாப்பாடு என்று சொல்லி பனீர் பட்டர் மசாலா, பனீர் டிக்கா, மலாய் கோப்தா, நான், ரசமலாய், ஐஸ்கிரீம் வரிசையாக வைத்திருந்தார்கள். திருநெல்வேலியில் ஏன் என்று கேட்டால் இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். என் அம்மா கல்யாணத்தில் இப்படி ஒரு பந்தி கிடையாது. அப்போதெல்லாம் பால் வீட்டுக்கு அரைப்படி வரும், அதிலேயே காப்பி, அதிலேயே மோர். இத்தனை பால் நம் சாப்பாட்டுக்குள் வந்தது என் வயசுக்குள்தான். மம்சாபுரத்து அம்மாவிடம் வராத வாக்குவாதம் இந்தப் பனீர் வரிசைக்கு முன்னால் எனக்குள் நன்றாகவே வந்தது. ஆனால் கேட்க யாரும் இல்லை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்துப் பின்கட்டுக்குப் போய்ச் சமையல்காரர் தவசிப்பிள்ளையிடம் கேட்டேன். அறுபது வயசிருக்கும், தோளில் துண்டு.

"நெய், தயிர் படாம எனக்கு ஏதாவது இருக்குமாய்யா?"

"முன்னாடியே சொல்லியிருந்தா தனியா எடுத்து வச்சிருப்பேம்மா" என்றவர், நாளைக் காலைக்கு நறுக்கி வைத்திருந்த கத்தரிக்காயில் ரெண்டு கை அள்ளி, எண்ணெயில் வதக்கி, சுடுசாதமும் புளிக்குழம்பும் போட்டு, அங்கேயே பலகை போட்டு உட்காரவைத்தார். ரிசப்ஷனில் நன்றாகச் சாப்பிட்டது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். "நாளைக்குச் சாம்பார், ரசம் ரெண்டும் நெய் தாளிக்கதுக்கு முந்தி ஒரு தூக்குல எடுத்துருதேன்" என்றார். எடுத்தும் வைத்திருந்தார்.

மே 16, வெள்ளி. திருநெல்வேலி

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் கட்டியிருந்தது பருத்திக் கண்டாங்கி. பட்டு கட்டாமல் வந்ததில் பெரியம்மாவுக்கு மன வருத்தம், சபையில் வெளிக்காட்டவில்லை. இருக்கிற பட்டை எல்லாம் என்ன செய்யப்போகிறாய் என்று அக்கா கேட்டாள். அம்மாவின் கல்யாணப் பட்டு பீரோவில் இருக்கிறது, அது இருக்கட்டும். புதிதாக வாங்குவதில்லை. இதில் எனக்குள்ளே முழுத் தெளிவு இல்லை, இருக்கிற மாதிரி காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை.

சாயங்காலம் நெல்லையப்பர் கோவில் பக்கம் அல்வாக் கடை வரிசை. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சீனியும் நெய்யுமாக மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். பாதி தூரம் வரை என் பட்சத்தில் வந்துவிட்டு, கடைசியில் நெய்யை ஊற்றிக் கைவிட்டுவிடுகிற பண்டம்.

மே 17, சனி. திருநெல்வேலி

இன்றைக்காகத்தான் வந்தேன் என்று சொல்லலாம். மறுவீட்டுச் சாப்பாடு, சொதி.

வெளியூர்க்காரர்களுக்காக: கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் பக்கத்தில் போடுகிற சாப்பாடு இது. தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி வேகும். வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பு சேரும். பச்சை மிளகாயையும் இஞ்சியையும் வதக்கிப் போட்டு இரண்டாம் பால், கடைசியில் அடுப்பைத் தணித்து முதல் பால். அதற்குமேல் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். இறக்கி ஆறவிட்டு எலுமிச்சை பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், ஏனென்றால் அவ்வளவு தேங்காய்ப்பால் வயிற்றில் கிடக்கும். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சாம்பார் கிடையாது, ரசம் கிடையாது.

தவசிப்பிள்ளை அண்டாவிலிருந்து மொண்டு நேராக என் இலைக்கே வந்தார். "இன்னைக்கு உங்களுக்குத் தனித் தூக்கு வேண்டாம். எல்லாரும் உங்க சாப்பாடுதான்" என்றார். நான் ஏழெட்டு நாளாகச் செய்த எந்த விளக்கமும் இவ்வளவு சின்னதாக இருக்கவில்லை. பந்தியில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் அத்தான் மூன்றாம் முறை சொதி கேட்டார். அவருக்குக் கால்சியம் ஞாபகம் வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மாப்பிள்ளையின் தாத்தா இஞ்சித் துவையல் காரம் பத்தவில்லை என்று ஒரு சின்னச் சண்டை போட்டார், மறுவீட்டில் அது வழக்கம்.

நான் சாதத்தை முடித்துக் கையை எடுக்கிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை வந்து இலையில் மோரை ஊற்றிவிட்டது. பெரியம்மா. "சூடு பிடிச்சுரும்ட்டி, மோர் விட்டுச் சாப்பிடு." வேண்டுமென்றே செய்தாளா, மறந்து செய்தாளா என்று அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை. நான் எழுந்து கை கழுவினேன். பிறகு வெற்றிலை மடித்துக்கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டாள்.

மே 18, ஞாயிறு. உடன்குடி

திருச்செந்தூரில் ரயில் ஏற ராத்திரி வரை நேரம் இருந்தது. ஆட்டோ பேசி, போகவர 700 ரூபாய், உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குப் போனோம். தேரி மணல் செக்கச்செவேல் என்று கண்ணைக் குத்துகிறது. செருப்புக்குள் மணல் புகுந்து கால் பொசுங்கியது. ரோட்டோரத்தில் ஓலைக் கொட்டகை, ஓர் அம்மாவும் மகனும் பதநீர் விற்கிறார்கள். பனையோலைப் பட்டை பிடித்து, அதில் நுங்கை நழுவவிட்டு, மேலே பதநீர் ஊற்றி 40 ரூபாய். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஓரத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். அக்கா பாதியைச் சேலையில் ஊற்றிக்கொண்டாள்.

பாளையில் கட்டுகிற கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவிவிடுவார்கள். அது இருந்தால்தான் புளித்துக் கள்ளாகாது. இதை அந்தப் பையன் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, அத்தானுக்குப் போன் போடு. உன் கால்சியம் இங்க இருக்கு" என்றாள்.

கொட்டகைக்குப் பின்னால் பெரிய அண்டாவில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாகானதும் கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. சீனி கலந்து விற்கிறவர்களால்தான் பேர் கெடுகிறது என்றார் அந்த அம்மா. ஒன்றை உடைத்து உள்பக்கத்தைக் காட்டினார். சீனி சேர்த்திருந்தால் உடைந்த இடம் பளபளவென்று மின்னுமாம், இது மங்கலாக இருந்தது. கிலோ 400 ரூபாய். அக்கா 350க்குக் கேட்டாள். "மரம் ஏற நீங்க வாரீங்களா?" என்றார். 400 கொடுத்தோம்.

இந்த வேலைக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆள் இருக்கும் என்று பையனிடம் கேட்டேன். அவன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து சீசனுக்கு மட்டும் வந்திருக்கிறான். அவன் அப்பாதான் மரம் ஏறுகிறார், தினமும் காலையும் சாயங்காலமும். பாலுக்குப் பதில் இதைக் குடியுங்கள் என்று யாரிடமும் சொல்வதற்கு முன்னால் அந்த மனிதரின் நெஞ்சில் மரம் உராய்ந்து காய்த்துப்போயிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்று கிலோ கருப்பட்டி வாங்கினேன். ஏற்கனவே இருந்த கடலை மிட்டாய், காராச்சேவு, தவசிப்பிள்ளை கட்டிக்கொடுத்த இஞ்சித் துவையல் டப்பா எல்லாம் சேர்ந்து என் பை ஜிப் போட மறுத்தது. அக்காவின் பையில் பால்கோவா பாதிக்குமேல் காலி, அல்வா மட்டும்தான். ஸ்டேஷனில் ரெண்டு பையையும் தூக்கிப்பார்த்த போர்ட்டர் என்னுடையதற்கு 30 ரூபாய் கூடக் கேட்டார்.